சர்வேயில் வந்த சதவீதத்துக்கு முன்னே பின்னே எவ்வளவு? வடசென்னையில் படிவத்தோடு இறங்குபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

சமூகப்பணி, வணிகவியல், நர்சிங் என்று எது படித்தாலும் கடைசி வருடத்தில் ஒரு சர்வே வந்து நிற்கும். தண்டையார்பேட்டை, வியாசர்பாடி, காசிமேடு, எண்ணூர் பக்கம் படிவத்தோடு அலைவீர்கள், பதில்களை எண்ணுவீர்கள், கடைசியில் "62.5 சதவீத வீடுகள் குடிக்கக் கேன் தண்ணீர் வாங்குகின்றன" என்று ஒரு வரி எழுதுவீர்கள். வைவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில், அந்த வரியைத்தான் பிடித்துக்கொள்வார்கள்: "எல்லா வீட்டையும் கேட்டீங்களா? இல்லையே, அப்போ முன்னே பின்னே எவ்வளவு?" இதற்குப் பதில்தான் நம்பிக்கை இடைவெளி, அதாவது உங்கள் சதவீதத்துக்குக் கீழே ஓர் எல்லை, மேலே ஓர் எல்லை. புத்தகங்களில் சூத்திரம் கிடைக்கிறது, நம் தெருக்களில் இறங்கி வேலை செய்பவருக்கு அதை எப்படிப் பொருத்துவது என்பது கிடைப்பதில்லை. நான் துண்டு துண்டாகப் பல பேரிடம் கேட்டு, ரொம்பவே அல்லாடித்தான் இதைத் தெரிந்துகொண்டேன். அடுத்து வருபவர்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம்.

முதலிலேயே ஒன்று. கணக்கு ஐந்து நிமிட வேலைதான். அந்தக் கணக்குக்கு மதிப்பு இருக்கிறதா இல்லையா என்பது நீங்கள் யார் வீட்டுக் கதவை எந்த நேரத்தில் தட்டினீர்கள் என்பதிலேயே முடிவாகிவிடும். அதனால் கீழே பாதிக்கு மேல் கணக்குக்கு முந்தைய வேலைகள்தான் வரும், அவற்றைத் தாண்டிப் போய்விடாதீர்கள்.

இங்கே வரும் எண்கள் கணக்கைக் காட்டுவதற்காக வைத்துக்கொண்டவை. வடசென்னையின் புள்ளிவிவரம் என்று உங்கள் அறிக்கையில் எடுத்துப் போட்டுவிட வேண்டாம்.

1. கேள்வியை ஆம், இல்லை என்று இரண்டாகப் பிளக்கும்படி எழுதுங்கள்

விகிதத்துக்கு இடைவெளி போட வேண்டுமானால் ஒவ்வொரு வீடும் "ஆம்" பக்கமோ "இல்லை" பக்கமோ விழ வேண்டும். "கேன் தண்ணீர் வாங்குவீர்களா?" என்று கேட்டால் "எப்பவாவது", "மெட்ரோ வாட்டர் வரலன்னா", "விருந்தாளி வந்தா" என்று பதில் வரும், அதை எந்தப் பக்கம் போடுவது என்று ராத்திரி உட்கார்ந்து நீங்களே முடிவு செய்வீர்கள். அப்படி முடிவு செய்வது ஆளுக்கு ஆள் மாறும். "கடந்த 7 நாட்களில் குடிப்பதற்குக் கேன் தண்ணீர் வாங்கினீர்களா?" என்று கேளுங்கள், தகராறே இல்லை.

கூடவே, "வீடு" என்றால் என்ன என்பதையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நம் பக்கம் ஒரே கதவு எண்ணுக்குள் நாலு குடித்தனம் சகஜம். தனி அடுப்பு எரிந்தால் தனி வீடு என்று கொள்வது சுலபம், மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலும் ஏறத்தாழ அப்படித்தான் எண்ணுகிறார்கள்.

2. எத்தனை வீடு என்பதை முதலிலேயே கணக்குப் போடுங்கள்

"மொத்தத்தில் 10 சதவீதம் எடுத்தால் போதும்" என்று யாராவது சொல்வார்கள். கேட்காதீர்கள். தேவையான எண்ணிக்கை, ஊர் எவ்வளவு பெரியது என்பதைவிட, எவ்வளவு பிசகு உங்களுக்குப் பரவாயில்லை என்பதைப் பொறுத்தது. 95 சதவீத நம்பிக்கைக்கு (இதன் அர்த்தம் 10-ஆம் பகுதியில் வரும்), 0.9604-ஐ நீங்கள் ஒப்புக்கொள்ளும் பிசகின் வர்க்கத்தால் வகுக்க வேண்டும். 0.9604 என்பது 1.96-இன் வர்க்கத்தை 0.25-ஆல் பெருக்கியது, 1.96 என்பது 95 சதவீத நம்பிக்கைக்கென்று புள்ளியியல் அட்டவணையில் உள்ள எண். விகிதம் பாதிக்குப் பாதியாக இருக்கும்போதுதான் பிசகு அதிகம் என்பதால் அந்த மோசமான நிலையை வைத்தே கணக்கு.

முன்னே பின்னே 10 சதவீதப் புள்ளி (கணக்கில் 0.10) போதுமென்றால் 97 வீடு. 6 புள்ளி என்றால் 267. 5 புள்ளி என்றால் 385. 3 புள்ளி வேண்டுமென்றால் 1,068. பிசகைப் பாதியாக்க நாலு மடங்கு வீடு வேண்டும் என்பதைக் கவனியுங்கள். தனியாளாக, ஒரு பருவத்துக்குள் முடிக்க வேண்டியவர்கள் 5 அல்லது 6 புள்ளியோடு நிறுத்திக்கொள்வதுதான் புத்திசாலித்தனம் என்பேன்.

ஐந்தில் ஒரு வீடு பூட்டியிருக்கும் அல்லது மறுக்கும் என்று வைத்துக்கொண்டால், 267 பதில் கிடைக்க 334 வீட்டைத் தேர்ந்தெடுத்திருக்க வேண்டும். 267-ஐ 0.8-ஆல் வகுத்தது இது.

3. காகிதங்கள்

இவற்றைத் தெருவில் இறங்கும் முன்பே கையில் வைத்துக்கொள்ளுங்கள்:

துறைத் தலைவர் கையெழுத்தும் முத்திரையும் உள்ள அனுமதிக் கடிதம். தமிழில் இருக்கட்டும், வாசலில் நிற்பவர் படிக்க வேண்டியது அது.

கல்லூரி அடையாள அட்டை, கழுத்தில் தெரியும்படி.

தமிழில் ஒப்புதல் படிவம். என்ன கேட்கிறோம், பெயர் வெளியே வராது, எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம் என்று மூன்று நாலு வரி போதும்.

உடல்நலம் தொடர்பான கேள்வி ஒன்றே ஒன்று இருந்தாலும் கல்லூரியின் நெறிமுறைக் குழு ஒப்புதல் தேவையா என்று வழிகாட்டி ஆசிரியரிடம் கேட்டுவிடுங்கள். அந்தக் குழு நினைத்த நேரத்தில் கூடாது, இதில்தான் பல பேருக்கு மாதக்கணக்கில் போகிறது. ஒப்புதலுக்கு முன் எடுத்த தரவைப் பின்னால் சேர்க்கவும் முடியாது.

அப்புறம் உள்ளூர் அனுமதி. ஹவுசிங் போர்டு குடியிருப்பென்றால் நலச்சங்கம், மீனவர் குப்பமென்றால் ஊர் நிர்வாகிகள். சட்டப்படி இது தேவையோ இல்லையோ, அவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் நுழைந்தால் ரெண்டாவது சந்திலேயே நிறுத்திவிடுவார்கள்.

4. பட்டியல் இல்லாமல் கிளம்பாதீர்கள்

சூத்திரம் முதலில் ஒரு நிபந்தனையின் மேல் நிற்கிறது: ஒவ்வொரு வீட்டுக்கும் தேர்வாகும் வாய்ப்பு சமமாக இருந்திருக்க வேண்டும். டீக்கடையில் நின்றவர், ரேஷன் கடை வரிசையில் இருந்தவர், தோழியின் வாட்ஸ்அப் குழு என்று சேர்த்த 240 பேருக்கும் சூத்திரம் ஒரு விடையைக் கொடுக்கும், ஆனால் அந்த விடை யாரைப் பற்றியது என்று யாராலும் சொல்ல முடியாது.

வாக்காளர் பட்டியலைப் பாகம் வாரியாகத் தேர்தல் ஆணையத் தளத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். ராயபுரம், ஆர்.கே. நகர், பெரம்பூர், திருவொற்றியூர் என்று தொகுதியைத் தேர்ந்தெடுத்து, உங்கள் தெரு எந்தப் பாகத்தில் வருகிறது என்று பாருங்கள். ஆனால் அது ஆட்களின் பட்டியல், வீடுகளின் பட்டியல் கிடையாது. பெரும்பாக்கம், கண்ணகி நகர் என்று மாற்றப்பட்ட குடும்பங்களின் பெயர் பழைய தெருவிலேயே கிடக்கலாம், புதிதாக வந்த வாடகைக் குடித்தனங்கள் அதில் இல்லாமல் போகலாம். போதாக்குறைக்குப் பழைய எண், புதிய எண் குழப்பம்.

அதனால் சிறிய பகுதி என்றால் ஒரு நாள் முழுக்க நடந்து நீங்களே வீடுகளை வரிசையாக எழுதிவிடுவது மேல். 1,200 வீடு வந்தது, 300 வேண்டும் என்றால் நாலில் ஒன்று. 1 முதல் 4 வரை ஒரு சீட்டு எடுங்கள், 3 வந்தால் 3, 7, 11 என்று போய்க்கொண்டே இருங்கள்.

இங்கேதான் பெரிய பொறி. ஏழாவது வீடு பூட்டியிருந்தால் எட்டாவது வீட்டைத் தட்டத் தோன்றும். கூடவே கூடாது. பகலில் திறந்திருக்கும் வீடு என்றால் வீட்டில் ஆள் இருக்கும் வீடு, அதாவது தண்ணீர் லாரி வரும்போது குடத்தோடு ஓட ஆள் உள்ள வீடு. வேலைக்குப் போய்விட்ட வீடுதான் கேனுக்குப் போன் போடும். பக்கத்து வீட்டை மாற்றாக எடுக்க எடுக்க உங்கள் விகிதம் ஒரு பக்கமாகவே சாயும், இதை எந்த இடைவெளியும் காட்டிக்கொடுக்காது. அதே வீட்டுக்கு வேறு கிழமை, வேறு நேரம் என்று திரும்பப் போங்கள். கடைசிவரை திறக்கவில்லை என்றால் "பதில் இல்லை" என்று எழுதி, அந்த எண்ணிக்கையை அறிக்கையில் காட்டுங்கள்.

5. எப்போது போவது

வேலைநாள் காலையில் வியாசர்பாடியிலோ கொருக்குப்பேட்டையிலோ பாதிக் கதவு பூட்டியிருக்கும். மாலை ஆறுக்கு மேல், ஞாயிறு மதியம், இந்த இரண்டும் பலன் தரும். காசிமேட்டில் ஞாயிறு காலை மீன் சந்தைக் கூட்டம், அப்போது போய் நின்றால் யாருக்கும் உங்களோடு பேச நேரமிருக்காது.

மீனவர் குடும்பங்களைக் கேட்பதானால் தேதியைப் பாருங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். ஆண்கள் கரையில் இருப்பதால் ஆட்கள் கிடைப்பார்கள், ஆனால் வருமானம், செலவு பற்றிய பதில்கள் மற்ற மாதங்களைப்போல் இருக்காது. எடுத்த மாதத்தை அறிக்கையில் எழுதாமல் விட்டால் படிப்பவர் வருடம் முழுக்க அப்படித்தான் என்று எடுத்துக்கொள்வார். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை, தாழ்வான தெருக்களை அப்போது விட்டுவிட்டால் அதுவும் சாய்வுதான்.

இன்னொன்று. படிவத்தைப் பார்த்ததும் "இன்னாம்மா, உரிமைத்தொகைக்கு எழுதுறியா?" என்று கேட்பார்கள். எண்ணூர்ப் பக்கம் 2023 டிசம்பரில் எண்ணெய் கசிந்ததற்கான நிவாரணக் கணக்கு என்றும் நினைக்கலாம். அரசாங்க ஆள் என்று நினைத்துவிட்டால் பதில் வேறு மாதிரி வரும். "கல்லூரிப் படிப்புக்காக, இதனால் பணமோ பட்டாவோ வராது" என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள். அது நேர்மையும்கூட, அவர்கள் நேரத்தைக் கொடுக்கிறார்கள்.

6. செலவும் நாளும்

பெரிய செலவு ஜெராக்ஸும் போக்குவரத்தும்தான். படிவத்தை ஒரே தாளின் இருபக்கத்தில் அடக்கினால் செலவு குறையும். போனிலேயே பதிவதென்றால் கூகுள் ஃபார்ம் இலவசம், ஆனால் அதன் இணைப்பைப் பகிர்ந்துவிட்டு வீட்டில் உட்கார்ந்துவிடாதீர்கள், வீடுவீடாகப் போய் நீங்களே நிரப்ப வேண்டும். வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை மெட்ரோ ஓடுகிறது, பெண்களுக்குச் சாதாரணக் கட்டணப் பேருந்தில் பயணம் இலவசம். கணக்குக்கு லிப்ரே ஆபீஸ் இலவசமாகக் கிடைக்கிறது. "டேட்டா அனாலிசிஸ் செய்து தருகிறோம்" என்று சொல்லும் கடைகளுக்குப் பணம் கொடுக்காதீர்கள், அடுத்த பகுதியில் வருவதைத்தான் செய்து கொடுப்பார்கள், வைவாவில் பதில் சொல்ல வேண்டியது நீங்கள்.

நாளைப் பொறுத்தவரை, ஒருவர் நிதானமாகப் பேசினால் ஒரு மாலையில் பத்துப் பன்னிரண்டு வீடு முடியும். அதற்கேற்ப வாரங்களைப் பிரித்துக்கொண்டு, திரும்பப் போவதற்கென்று கடைசியில் இரண்டு வாரம் காலியாக வையுங்கள்.

7. கணக்கு

சரி, 240 வீட்டில் பதில் வந்தது, 150 வீடு "ஆம்" என்றது.

விகிதம்: 150 ÷ 240 = 0.625
மீதி: 1 − 0.625 = 0.375
பெருக்கல்: 0.625 × 0.375 = 0.234375
வகுத்தல்: 0.234375 ÷ 240 = 0.00097656
வர்க்கமூலம்: 0.03125, இதுதான் திட்டப்பிழை (வேறு வேறு வீடுகள் சீட்டில் வந்திருந்தால் விகிதம் எவ்வளவு ஆடும் என்பதன் அளவு)
1.96 × 0.03125 = 0.06125

0.625-இல் இதைக் கழித்தால் 0.564, கூட்டினால் 0.686. ஆக 95 சதவீத நம்பிக்கை இடைவெளி 56.4 முதல் 68.6 சதவீதம் வரை.

90 சதவீத நம்பிக்கை போதுமென்றால் 1.96-க்குப் பதில் 1.645. 99 வேண்டுமென்றால் 2.576, அப்போது இடைவெளி 54.5 முதல் 70.5 வரை விரியும். அதிக நம்பிக்கை வேண்டுமென்றால் அகலமான இடைவெளியை ஏற்றுக்கொள்ள வேண்டும், இலவசமாக எதுவும் கிடைக்காது.

எக்செல் வைத்திருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. அதில் கான்ஃபிடன்ஸ் என்ற பெயரில் ஒரு ஃபங்ஷன் இருக்கிறது, அது சராசரிக்கானது, திட்ட விலக்கம் (பதில்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பதன் அளவு) கேட்கும். அங்கே 0.625-ஐப் போட்டால் தப்பான விடை வரும், எந்த எச்சரிக்கையும் காட்டாது. 0.234375-இன் வர்க்கமூலமான 0.4841-ஐப் போட்டால்தான் 0.06125 வரும். நம்பிக்கை அளவு கேட்கும் இடத்தில் 0.95 அல்ல, 0.05. என்னைக் கேட்டால் அந்த ஃபங்ஷனை விட்டுவிட்டு மேலே உள்ள வரிகளை ஒவ்வொரு செல்லில் எழுதுங்கள், எங்கே பிசகினாலும் கண்ணில் படும்.

8. இந்தச் சூத்திரம் கைவிடும் இடங்கள்

"ஆம்" குறைந்தது 10, "இல்லை" குறைந்தது 10 இருந்தால் மேலே உள்ள வழி பொதுவாகப் போதும். அதற்குக் கீழே போனால் நம்பாதீர்கள். 30 வீட்டில் 2 மட்டும் "ஆம்" என்றால் இடைவெளி மைனஸ் 2.3 முதல் 15.6 சதவீதம் என்று வரும். மைனஸ் சதவீத வீடு எங்கே இருக்கிறது? சிலர் மைனஸை அழித்துவிட்டு 0 என்று எழுதிக் கொடுக்கிறார்கள். அது தீர்வே கிடையாது, மேல் எல்லையும் தப்பாகத்தான் இருக்கிறது.

கையால் செய்யக்கூடிய எளிய வழி, "ஆம்" பக்கம் 2, "இல்லை" பக்கம் 2 சேர்த்துவிட்டு அதே கணக்கைப் போடுவது. 34-இல் 4 என்றாகும், இடைவெளி 0.9 முதல் 22.6 சதவீதம். இதைவிட நல்லது வில்சன் முறை என்ற வேறொரு சூத்திரம், அதில் 1.8 முதல் 21.3 வரும். கையால் போடுவது கொஞ்சம் நீளம், ஆனால் பெரும்பாலான புள்ளியியல் மென்பொருள்களில் இருக்கிறது. எந்த முறை என்று அறிக்கையில் பெயர் சொல்லிவிடுங்கள், முறைக்கு முறை விடை மாறுவதைப் பார்த்து வைவாவில் சந்தேகப்பட மாட்டார்கள்.

60 வீட்டில் ஒன்றுகூட "ஆம்" சொல்லவில்லை என்றால்? 3-ஐ 60-ஆல் வகுங்கள். உண்மை விகிதம் 5 சதவீதத்துக்கு மேல் இருக்காது என்று 95 சதவீத நம்பிக்கையோடு சொல்லலாம். "யாருமே இல்லை" என்று எழுதுவது தப்பு.

மறுகோடியில், மொத்தமே 600 வீடு உள்ள குடியிருப்பில் 240 வீட்டைக் கேட்டுவிட்டீர்கள் என்றால் இடைவெளியைச் சுருக்கிக்கொள்ள உரிமை உண்டு. (600 − 240)-ஐ (600 − 1)-ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் 0.775. 0.06125-ஐ அதனால் பெருக்கினால் 57.8 முதல் 67.2 வரை. மொத்தத்தில் 5 சதவீதத்துக்கும் குறைவாக எடுத்திருந்தால் இந்தத் திருத்தம் வேண்டாம், வித்தியாசமே தெரியாது.

9. ஒரே தெருவில் 20 வீடு எடுத்தவர்கள் இதைக் கட்டாயம் படியுங்கள்

அலைச்சலைக் குறைக்க 12 தெருவைத் தேர்ந்தெடுத்து, தெருவுக்கு 20 வீடு என்று 240 எடுப்பார்கள். தப்பில்லை. ஆனால் ஒரே தெருவில் ஒரே குழாய், ஒரே லாரி, குழாயில் நாற்றமடித்தால் எல்லா வீட்டிலும் அடிக்கும், ஒரு வீடு கேன் வாங்கினால் எதிர்வீடும் அநேகமாக வாங்கும். அப்போது 20 வீட்டிடமிருந்து 20 புதுச் செய்தி வருவதில்லை.

இதற்கு ஒரு திருத்தம் உண்டு. ஒரே தெருவீடுகளின் பதில்கள் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதற்கு ஓர் அளவு, அது 0.05 என்று வைத்துக்கொள்வோம். தெருவுக்கு 20 வீட்டில் ஒன்றைக் கழித்தால் 19, ஆக 1 + 19 × 0.05 = 1.95. 240-ஐ இதனால் வகுத்தால் 123, அதாவது நீங்கள் எடுத்த 240 வீடு, தனித்தனியாகச் சீட்டுப் போட்டு எடுத்த 123 வீட்டுக்குத்தான் சமம். இடைவெளி 53.9 முதல் 71.1 வரை போய்விடும். இந்த அளவை உங்கள் தரவிலிருந்தே மென்பொருளில் கணக்கிடலாம், ஆசிரியரிடம் உதவி கேளுங்கள். முடிந்தால் தெருவுக்கு 20 வீட்டுக்குப் பதில் 24 தெருவில் பத்துப் பத்து வீடு எடுங்கள், கால் வலிக்கும், ஆனால் பலன் உண்டு.

10. இடைவெளியை எப்படி வாசிப்பது

மதிப்பெண் போவது பெரும்பாலும் இங்கேதான். "உண்மை விகிதம் 56.4-க்கும் 68.6-க்கும் நடுவே இருக்க 95 சதவீத வாய்ப்பு" என்று எழுதிவிடுகிறார்கள். அந்தப் பகுதியின் உண்மை விகிதம் ஒரு நிலையான எண். உங்கள் இடைவெளிக்குள் அது இருக்கிறது, அல்லது இல்லை. 95 என்பது முறையைப் பற்றிய வாக்குறுதி: இதேபோல் சீட்டுப் போட்டு, 240 வீடு எடுத்து, திரும்பத் திரும்பப் பல பேர் இந்தக் கணக்கைச் செய்தால், அவர்களின் இடைவெளிகளில் நூற்றுக்குச் சுமார் 95 உண்மையைப் பிடித்திருக்கும். உங்களுடையது அந்த 95-இல் ஒன்றா, மீதி 5-இல் ஒன்றா என்று தெரியாது.

"95 சதவீத வீடுகள் இந்த எல்லைக்குள் வருகின்றன" என்பது அர்த்தமே இல்லாத வாக்கியம். "அடுத்த வருடம் எடுத்தாலும் இதற்குள்தான் வரும்" என்பதும் தப்பு.

அதைவிட முக்கியமானது, இடைவெளி சீட்டில் யார் வந்தார்கள் என்ற அதிர்ஷ்டத்தை மட்டுமே அளக்கிறது. பூட்டிய கதவை அளக்காது. 300 வீட்டைத் தேர்ந்தெடுத்து 60 வீட்டில் பதிலே கிடைக்கவில்லை என்று வையுங்கள். அந்த 60-ம் "ஆம்" என்றால் 300-இல் 210, அதாவது 70 சதவீதம். 60-ம் "இல்லை" என்றால் 50 சதவீதம். பாருங்கள், பூட்டிய கதவுகளால் மட்டுமே 50 முதல் 70 வரை ஆட்டம் இருக்கிறது, நீங்கள் கணக்கிட்ட இடைவெளியைவிட இது அகலம். இந்த இரண்டு எண்ணையும் அறிக்கையில் போட்ட மாணவரை எந்தத் தேர்வாளரும் மதிப்பார்.

11. இரண்டு பகுதிகளை ஒப்பிடும்போது

அந்த 240-இல் ஹவுசிங் போர்டு 120, தெருவீடு 120 என்று கொள்வோம். முதலாவதில் 84 வீடு "ஆம்", 70 சதவீதம், இடைவெளி 61.8 முதல் 78.2. இரண்டாவதில் 66 வீடு, 55 சதவீதம், இடைவெளி 46.1 முதல் 63.9. இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று கொஞ்சம் படிகின்றன, அதனால் வித்தியாசம் இல்லை என்று எழுதிவிடுவார்கள். அவசரப்படாதீர்கள். வித்தியாசத்துக்கே தனி இடைவெளி போட வேண்டும்: இரண்டு திட்டப்பிழைகளின் வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 0.0617, அதை 1.96-ஆல் பெருக்கினால் 0.121. வித்தியாசம் 15 புள்ளி, இடைவெளி 2.9 முதல் 27.1 வரை. பூஜ்யம் இதற்குள் இல்லை, ஆக வித்தியாசம் இருப்பதாகச் சொல்லலாம். எவ்வளவு என்பதில்தான் உறுதி குறைவு, 3 புள்ளியாகவும் இருக்கலாம், 27 ஆகவும் இருக்கலாம்.

12. அறிக்கையில் எழுத வேண்டிய வாக்கியம்

இப்படி எழுதுங்கள், உங்கள் எண்களைப் போட்டுக்கொள்ளுங்கள்: "தேர்ந்தெடுத்த 300 வீடுகளில் 240 வீடுகள் பதிலளித்தன. அவற்றில் 150 வீடுகள் கடந்த 7 நாட்களில் குடிப்பதற்குக் கேன் தண்ணீர் வாங்கியிருந்தன (62.5 சதவீதம், 95 சதவீத நம்பிக்கை இடைவெளி 56.4 முதல் 68.6 வரை)." அதன் கீழே எடுத்த மாதம், பட்டியல் தயாரித்த விதம், கணக்கிட்ட முறை, பதில் தராத வீடுகள் பற்றி நாலு வரி. 62.48731 என்று தசமங்களை நீட்ட வேண்டாம், ஒரு தசமம் போதும்.

பின்னிணைப்பில் அனுமதிக் கடிதம், வெற்றுப் படிவம், ஒப்புதல் படிவத்தின் மாதிரி, சீட்டு எடுத்த எண் உள்ள வீட்டுப் பட்டியல் ஆகியவை இருக்கட்டும். பட்டியலில் பெயர்களையும் கதவு எண்களையும் மறைத்துவிட்டு வரிசை எண்ணை மட்டும் வையுங்கள். நிரப்பிய படிவங்களை முடிவு வெளிவரும்வரை தூக்கிப் போடாதீர்கள், கேட்டால் காட்ட வேண்டியிருக்கும்.